தங்கவயல் மேடுகளும் மாணவர் பணியும்

கோலார் தங்கவயலில் நூறாண்டுகளுக்கு மேலாக வெட்டியெடுக்கப்பட்ட பாறையைப் பொடித்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவுமண், ராபர்ட்சன்பேட்டைக்கு அருகே மேடுகளாகக் குவிந்துள்ளது. அதன் அளவு 3 கோடி டன்னுக்கு மேற்பட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் காற்று வீசுங்காலத்தில் மேடுகளின் நுண்தூள் குடியிருப்புகளில் படிகிறது.

கழிவுமண்ணில் மட்கு இல்லை, ஊட்டச்சத்தும் குறைவு. சரிவுகளை மழை அரிக்கும். ஆகவே மண் ஆய்வு, வரப்பு, மண்ணைப் பிடிக்கும் புல், பின்னர் மரம் என்ற வரிசை தேவை. மேடுகளில் இப்பணி வல்லுநர்களின் பொறுப்பாகும். கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் செய்யத்தக்கது வேறு: காற்றைத் தடுக்கும் மரவரிசை வளர்த்தல், படியும் தூசியை மாதந்தோறும் அளந்து பதிதல்.

டில்லி ரிட்ஜ் காட்டைக் காக்க 1979இல் 'கல்பவிருக்ஷ்' அமைப்பைத் தொடங்கிய மாணவர்கள், கோரிக்கையோடு நில்லாது, 1983இல் நர்மதைப் பள்ளத்தாக்கில் கள ஆய்வும் நடத்தினர்.

1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் தொண்டர் ஒருவரின் பணி ஆண்டுக்கு 120 மணி நேரம்; நூறு தொண்டர்களுக்கு 12,000 மணி. நடுவிழாவுக்கு ஒரு நாள் போதும். பிழைத்த கன்றுகளின் கணக்கையும் தூசிப் பதிவேட்டையும் அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைத்தாலன்றி அவ்வுழைப்பு நிலைக்காது.