இதய உறை இறுக்க நோய்: அறுவை சிகிச்சையும் அதன் பலன்களும்

கால் வீக்கமும் வயிற்றில் நீர் கோத்தலும் காணப்பட்டால், பலரும் அதனைக் கல்லீரல் நோய் என்றே கருதுகின்றனர். மகோதரம் என்று எண்ணி நாட்டு மருந்து உட்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்போரும் உண்டு. சிலருக்கு உண்மையான காரணம் இதயத்தைச் சூழ்ந்துள்ள உறையில் இருக்கக்கூடும்.

நோய் என்பது என்ன?

இதயத்தைச் சுற்றி இரண்டு அடுக்குகள் கொண்ட மெல்லிய உறை உள்ளது. நீடித்த அழற்சியால் இவ்வுறை தடித்து, அடுக்குகள் ஒட்டிக்கொண்டு, சில வேளைகளில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது. அதனால் இதயம் விரிந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ள இயலுவதில்லை. திரும்பி வரும் இரத்தம் தேங்குவதால் கழுத்து நரம்புகள் புடைத்தல், வயிறு மற்றும் கால் வீக்கம், மூச்சுத்திணறல், கடும் சோர்வு ஆகியவை தோன்றுகின்றன.

இந்தியாவில் இந்நோய்க்கு முதன்மையான காரணம் காசநோய் ஆகும். வைரஸ் தொற்று, முந்தைய இதய அறுவை சிகிச்சை, மார்புப் பகுதியில் பெற்ற கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவையும் காரணமாகலாம்.

எவ்வாறு கண்டறியப்படுகிறது?

எக்கோ பரிசோதனை முதற்படியாகும். தேவைப்படின் சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ., இதய வடிகுழாய்ப் பரிசோதனை ஆகியவை மேற்கொள்ளப்படும். சிலருக்கு உறை தடிக்காமலேயே இறுக்கம் ஏற்படுவதுண்டு. ஆகவே ஸ்கேனில் தடிப்பு இல்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

அனைவருக்கும் அறுவை சிகிச்சை தேவையா?

இல்லை. அழற்சி புதிதாக இருப்பின், மருந்துகளாலேயே இரண்டு மூன்று மாதங்களில் இறுக்கம் தளரக்கூடும். காசநோய் உறுதியானால், அதற்கான மருந்துகளைப் பொதுவாக 6 மாதங்கள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். நீர் வெளியேற்றும் மாத்திரைகள் வீக்கத்தைக் குறைக்கும். ஆனால் இறுகிப்போன உறையை அவை நீக்கா. இறுக்கம் நிலைத்துவிட்டால் உறையை அகற்றும் அறுவை சிகிச்சையே தீர்வாகும்.

அறுவை சிகிச்சையும் பலன்களும்

1913-ஆம் ஆண்டு முதல் மேற்கொள்ளப்பட்டுவரும் சிகிச்சை இது. பொதுவாக நெஞ்செலும்பைத் திறந்து, இதயத்தை அழுத்தும் உறையை இயன்ற அளவு முழுமையாக நீக்குவர். இதயத் தசையோடு ஒட்டிய பகுதிகளைப் பிரிக்கும்போது தசை கிழியவும் இரத்தப்போக்கு ஏற்படவும் வாய்ப்புண்டு. எனவே இது எளிய அறுவை சிகிச்சை அன்று. பல மருத்துவமனைகளின் அனுபவத்தில், நூறு பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேர் வரை அறுவை சிகிச்சைக் காலத்தில் உயிரிழக்கின்றனர். கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட பின்னர் வருவோருக்கும், கதிர்வீச்சினால் நோய் வந்தோருக்கும் ஆபத்து கூடுதல். உடல்நிலை தாங்கும் நிலையில் வருவோருக்குப் பலன் சிறப்பாக உள்ளது. காலதாமதமே இந்நோயில் பெரும் பகை.

உயிர் பிழைத்தோரில் பெரும்பாலோர் மூச்சுத்திணறலும் வீக்கமும் குறைந்து அன்றாட வேலைக்குத் திரும்புகின்றனர். நெடுநாள் இறுகியிருந்த இதயத் தசை வலுப்பெறச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். உடனே வீக்கம் வடியவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

• காசநோய் மருந்தை அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் மருத்துவர் கூறும்வரை நிறுத்தக் கூடாது.
• உணவில் உப்பைக் குறைக்கவும். ஊறுகாய், அப்பளம், கருவாடு தவிர்க்கவும்.
• நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைக்கவும்.
• நெஞ்செலும்பு கூடும்வரை, சுமார் 3 மாதங்கள், தண்ணீர்க் குடம், விறகு போன்ற பாரம் தூக்கக் கூடாது.
• காய்ச்சல், காயத்தில் சீழ், திடீர் எடை உயர்வு இருப்பின் உடனே மருத்துவரை அணுகவும். மூச்சுத்திணறல் கடுமையானால் 108-ஐ அழைக்கவும்.

எங்கு அணுகுவது?

பென்னாகரம், அரூர், பாலக்கோடு உள்ளிட்ட பகுதிகளில் வசிப்போர் முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். தேவைப்படின் இதய அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்துகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் பழைய பரிசோதனை அறிக்கைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

வயிற்று வீக்கத்திற்குப் பல நாள் சிகிச்சை பெற்றும் குணமாகவில்லையெனில், "இதயத்தையும் பரிசோதிக்க வேண்டுமா?" என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.