பகடை தோண்டும் குகை

ஸ்பெலங்கி என்றொரு வீடியோ கேம். அதை உருவாக்கியவர் டெரிக் யூ என்ற அமெரிக்கர். அடுத்த குகையில் பாம்பு எங்கே, முள் எங்கே, வெளியேறும் வாசல் எங்கே என்று அவரிடமே கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஏனென்றால் அந்தக் குகை இன்னும் இல்லை. நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகுதான், கண் இமைக்கும் நேரத்தில், அது தோண்டப்படும். நீங்கள் செத்ததும் அது அழிந்துபோகும். அடுத்த முறை வேறு குகை.

விளையாட்டு என்னவோ எளிமையானதுதான். தொப்பி போட்ட குட்டி மனிதர் ஒருவர், கையில் சாட்டை, பையில் 4 வெடிகுண்டு, 4 கயிறு. குகையின் மேலே நுழைந்து கீழே உள்ள வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். இப்படிப் பதினாறு குகைகள். ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டிருந்தால் பேய் ஒன்று துரத்த வந்துவிடும். எந்தக் குகையில் செத்தாலும் பொதுவாக மறுபடி முதல் குகையிலிருந்துதான்.

மாரியோ விளையாடியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பள்ளம் எப்போதும் அதே இடத்தில்தான் இருக்கும். பத்து முறை விழுந்தால் பதினோராவது முறை கை தானாகவே தாண்டிவிடும். பாதித் திறமை, பாதி மனப்பாடம். ஸ்பெலங்கியில் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. வினாத்தாள் ஒவ்வொரு முறையும் புதிது.

2008ஆம் ஆண்டு டிசம்பரில் இதன் முதல் வடிவத்தை யூ இலவசமாக வெளியிட்டார். பெரிய நிறுவனத்தின் பணமோ பட்டாளமோ இல்லாமல் ஒருவரோ சிலரோ செய்யும் இத்தகைய விளையாட்டுகளை இண்டி கேம் என்பார்கள். தமிழில் சுயாதீன விளையாட்டு எனலாம். பெரிய நிறுவனம் என்றால் நூற்றுக்கணக்கான ஓவியர்களை உட்காரவைத்து மூலை முடுக்கெல்லாம் வரையச் சொல்லும். தனி ஆள் எத்தனை குகைதான் வரைவார்? குகைகளை வரைவதற்குப் பதிலாக, குகை வரையும் விதிகளை எழுதிவிட்டால் போதும் என்பதுதான் இங்குள்ள சூட்சுமம். இதற்கு விதிவழி ஆக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

யோசனை பழையது. 1980 வாக்கில் கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் ரோக் என்ற விளையாட்டைச் செய்தார்கள். படமே கிடையாது, திரை முழுக்க எழுத்துகளும் குறிகளும்தான். மின்னஞ்சல் முகவரியில் போடும் அந்தச் சுழித்த குறிதான் கதாநாயகன். திரையை 3க்கு 3 என்று ஒன்பது கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கொரு அறை போட்டு, அறைகளை நடைபாதைகளால் இணைத்துவிடும் கணினி. செய்தவர்களும் தாங்களே செய்ததை ஆச்சரியத்தோடு விளையாட முடிய வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

ஆனால் ரோக்கில் எல்லாம் சமதரை, மேலே இருந்து பார்க்கும் வரைபடம். ஸ்பெலங்கியில் புவியீர்ப்பு உண்டு. குழியில் விழுந்தால் ஏற முடியாது. ஒரு குகை என்பது 40க்கு 32, அதாவது 1,280 சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கல்லா வெற்றிடமா என்று நாணயம் சுண்டிப் பார்த்தால் என்ன ஆகும்? இடிந்த வீட்டுக் குப்பை மாதிரி ஒன்று கிடைக்கும். வாசல் பாறைக்குள் புதைந்து கிடக்கும். வெறும் தற்செயலை நம்பி வீடு கட்ட முடியாது.

யூ செய்தது இது. முதலில் அந்த 1,280 கட்டங்களையும் 4க்கு 4 என்று பதினாறு அறைகளாகப் பிரித்தார். மேல் வரிசையில் ஏதோ ஓர் அறையில் நுழைவு. இனி பகடை. 1 முதல் 5 வரை ஓர் எண் விழும். 1, 2 என்றால் இடது பக்க அறைக்கு நகர். 3, 4 என்றால் வலது. 5 விழுந்தால் கீழே இறங்கு. பக்கச் சுவரில் முட்டினாலும் கீழே இறங்கு. கடைசி வரிசையில் இதற்கு மேல் இறங்க இடமில்லை என்னும்போது அங்கே வாசலை வை. அவ்வளவுதான். நம்மூர் தாயக்கட்டத்தைவிட எளிய விதி!

இதில் அழகு எங்கே என்றால், கணினி முதலில் செய்வது குகையை அல்ல, வழியை. சுவர், பாம்பு, முள் எல்லாம் பிறகுதான் வருகின்றன. பாதை கீழே திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த அறைக்குத் தரையில் ஓட்டை உள்ள வகை என்று முத்திரை குத்தப்படும். அதற்குக் கீழுள்ள அறைக்குக் கூரை திறந்த வகை. மேலிருந்து கீழ்வரை ஒரு வழி இருந்தே தீரும், அதுவும் ஒரு வெடிகுண்டுகூடச் செலவழிக்காமல். விளையாடுகிறவருக்கு இது தெரியாது. அவர் தத்தளித்துத் தடுமாறித் தானாக வழி கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வார்.

எத்தனை வழிகள் சாத்தியம்? நுழையும் அறை நான்கில் ஒன்று. முதல் மூன்று வரிசைகளில் இறங்கும் அறை ஒவ்வொன்றும் நான்கில் ஒன்று. கடைசியில் வாசலும் நான்கில் ஒன்று. நான்கை ஐந்து முறை பெருக்கினால் 1,024. இவ்வளவுதானா என்று எனக்கும் முதலில் சப்பென்றுதான் இருந்தது. பெருக்கம் இனிமேல்தான் ஆரம்பம்.

ஒவ்வொரு வகை அறைக்கும் சில வார்ப்புகளை யூ தன் கையால் எழுதிவைத்திருக்கிறார். எழுதி என்றால் நிஜமாகவே எழுதித்தான். ஓர் அறை 10க்கு 8, ஆக 80 எழுத்துகள். 0 என்றால் வெற்றிடம், 1 என்றால் கல், எல் என்ற எழுத்து வந்தால் ஏணி. 2 என்று இருந்தால்? அங்கே கல் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். அந்த நேரத்தில் பகடை முடிவு செய்யட்டும். இன்னும் சில குறிகள், இந்த இடத்தில் ஒரு சிறு தடைக்கூட்டத்தை ஏதாவது ஒரு தினுசில் செருகு என்று சொல்லும். பேச்சுக்கு அறைக்குப் பத்து வார்ப்பு என்று வையுங்கள். பதினாறு அறைக்கும் சேர்த்து, பாதை ஒன்றாகவே இருந்தாலும், நூறு கோடி கோடி குகைகள். மேலே சொன்ன 2, தடை எதையும் இதில் நான் சேர்க்கவில்லை.

பாதையில் சேராத அறைகளும் சும்மா கிடப்பதில்லை. கடை வைக்க, புதையல் ஒளிக்க அவைதான் இடம். அப்படிப்பட்ட அறைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று அமைந்துவிட்டால் சில சமயம் மூன்றையும் சேர்த்து ஆழமான ஒரு பாம்புக் குழியாக்கிவிடுகிறது. திட்டமிட்டு யாரோ வெட்டிய குழி போலவே இருக்கும்.

சரி, கணினிக்குப் பகடை எங்கிருந்து கிடைத்தது? அது சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம் ஆயிற்றே. தாளும் பேனாவும் எடுங்கள். 7 என்று எழுதுங்கள். 5ஆல் பெருக்கி 3 கூட்டுங்கள்: 38. அதை 16ஆல் வகுத்தால் மீதி 6. 6ஐ அதே போலச் செய்தால் மீதி 1. அடுத்து 8, பிறகு 11, 10, 5, 12... 0 முதல் 15 வரை எல்லா எண்ணும் முன்பின்னாகக் கலைந்து ஒரு முறை வந்துவிட்டு, பதினாறாவது கணக்கில் மறுபடி 7 வரும். பார்ப்பவருக்குத் தற்செயல், கணக்குத் தெரிந்தவருக்கு வெறும் வாய்ப்பாடு. இதைப் போலித் தற்செயல் என்பார்கள். கணினி இதே வித்தையை மிகப் பெரிய எண்களில் செய்கிறது. நீங்கள் முதலில் எழுதிய அந்த 7க்கு விதை எண் என்று பெயர். விதை ஒன்றானால் முளைக்கும் குகையும் ஒன்றே.

இதை 1984லேயே இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் கைக்கொண்டார்கள். டேவிட் பிராபென், இயன் பெல். அவர்கள் கையில் இருந்த பிபிசி மைக்ரோ கணினியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்கே அது போதாது. அதற்குள் அவர்கள் எலைட் என்ற விண்வெளி விளையாட்டையும் அதன் 8 விண்மீன் மண்டலங்களையும், மண்டலத்துக்கு 256 கோள் வீதம் பெயர், ஆட்சிமுறை, வணிகத்தோடு அடக்கினார்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. ஆறே ஆறு பைட் விதையிலிருந்து தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொண்டார்கள். அதே உத்தியில் இரண்டே முக்கால் கோடி கோடிக்கும் மேற்பட்ட மண்டலங்கள் வைத்திருக்கலாம். இவ்வளவு என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும், எட்டு போதும் என்று வெளியீட்டாளர்கள்தான் குறைக்கச் சொன்னார்களாம். புத்திசாலிகள்.

ஏன் புத்திசாலிகள் என்பது 2016இல் தெரிந்தது. ஹலோ கேம்ஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் குழு நோ மேன்ஸ் ஸ்கை என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் உள்ள கோள்களின் எண்ணிக்கை 18,446,744,073,709,551,616. இந்த எண்ணை எங்கோ கேள்விப்பட்டது போல இருக்கிறதா? சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று வைக்கச் சொல்லி அரசனைத் திணறடித்த கதையில் வரும் மொத்த நெல்மணிகள் இதைவிட ஒன்றே ஒன்று குறைவு. நொடிக்கு ஒரு கோள் என்று பார்த்தாலும் முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இருந்தும் வெளிவந்த புதிதில் பலருக்குச் சலித்துவிட்டது. பத்துக் கோள் பார்த்தால் எல்லாம் பார்த்தது போல இருக்கிறது என்றார்கள். கேட் காம்ப்டன் என்ற ஆய்வாளர் இந்தச் சங்கடத்தைக் கஞ்சியோடு ஒப்பிட்டார். பத்தாயிரம் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி ஊற்றலாம். பருக்கை கிடக்கும் விதத்தில் எந்த இரண்டு கிண்ணமும் ஒன்றல்ல. ஆனால் சாப்பிடுகிறவருக்கு எல்லாம் கஞ்சிதான். (அந்தக் குழு விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் மெருகேற்றிப் பெயரை மீட்டது வேறு கதை.) என் கட்சி ஸ்பெலங்கிதான். அங்கே பகடை உருள்வது கையால் எழுதிய அறைகளுக்கு நடுவே.

எழுதிய விதிக்குள் புதுமை பிறக்கும் இந்த வித்தையை மார்கழி வாசலில் போடும் கோலத்திலும் பார்க்கலாம். புள்ளி வைப்பதில் ஒழுங்கு, கோடு இழுப்பதில் சுதந்திரம். கோலம் போடுகிறவர் மனத்தில் வைத்திருப்பது படங்களை மட்டுமல்ல, படம் பிறக்கும் விதிகளையும்தான். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கணினியியலின் மொழியில் கோலத்துக்கு இலக்கணம் எழுதி 1974இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

ஸ்பெலங்கியின் பொருள்களுக்கும் இப்படி விதிகள் உண்டு. சுவரில் அம்புப் பொறி இருக்கும். எது முன்னால் அசைந்தாலும் அம்பு பாயும். நீங்களா, வவ்வாலா, நீங்கள் விட்டெறிந்த கல்லா என்று பார்க்காது. ஆகவே கல்லை எறிந்து பொறியை வெறுமையாக்கலாம். கடைக்காரரைச் சீண்டினால் துப்பாக்கியைத் தூக்குவார். பல சமயம் வேறு ஏதோ செய்த சேதத்துக்கும் பழி உங்கள் மேல்தான். ஒவ்வொரு விதியும் சின்னது. மூன்று நான்கு ஒன்றோடொன்று மோதும்போதுதான் யாரும் எழுதாத நகைச்சுவைக் காட்சி பிறக்கிறது. சாவதும் நாம், சிரிப்பதும் நாம்.

2013இல் கணினிக்கு வந்த புது வடிவத்தில் யூ இன்னொரு வேலை செய்தார். நாளுக்கு ஒரு விதை எண். உலகம் முழுவதும் எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே குகை. ஆளுக்கு ஒரே வாய்ப்பு. டோக்கியோவில் ஒருவர் எந்தப் பாம்பிடம் கடி வாங்கினாரோ, அதே பாம்பு அதே இடத்தில் சென்னையில் உங்களுக்காகவும் காத்திருக்கும். மறுநாள் விதை மாறிவிடும்.

2008இன் முதல் ஸ்பெலங்கி இன்றும் இலவசம். அதன் மூல நிரலையும் யூ வெளியிட்டுவிட்டார். நான் சொன்ன எழுத்துகளை நீங்களே படித்துப் பார்க்கலாம். இது பிடித்துப்போனால் இட்ச் என்ற இணையதளத்துக்குப் போங்கள். இப்படித் தனி ஆட்கள் செய்த விளையாட்டுகள் அங்கே குவிந்து கிடக்கின்றன, பலவற்றுக்குக் காசே வேண்டாம், சில உலாவியிலேயே ஓடும். ஸ்பெலங்கியில் முதல் நாள் ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தால் கெட்டிக்காரர். வெடிகுண்டும் கயிறும் தீர்ந்துவிட்டால் பதற வேண்டாம். இடமோ வலமோ நடந்து பாருங்கள். இறங்கும் ஓட்டை அந்த வரிசையிலேயே எங்கோ இருக்கிறது.