இடுப்புக் கிண்ணமும் இருபத்தொரு நாளும்

சென்ற ஆண்டுத் தணிக்கையின்போது, ஒருபோதும் தவணை தவறாத நெசவாள உறுப்பினர் ஒருவரின் கணக்கில் நிலுவை விழுந்திருக்கக் கண்டேன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர், எண்ணெய்க் கட்டுடன் நாற்பது நாள் படுத்திருந்தாராம். எழுந்தபின் ஒருவாறு நடந்தார். குழித்தறியில் அமர்ந்து மிதிக்க இயலவில்லை. இப்போது தறியில் மகன் இருக்க, அவர் தார் சுற்றுகிறார்.

காரணம் யாதெனில், இடுப்பெலும்பின் இருபுறமும் கிண்ணம் போன்ற குழி உண்டு. தொடையெலும்பின் உருண்டைத் தலை அதனுள்தான் சுழல்கிறது. (இலத்தீனில் இக்குழியின் பெயருக்குக் காடிக் கிண்ணம் என்று பொருள்!) கையெலும்பு சற்றுக் கோணலாகக் கூடினாலும் காலந்தள்ளலாம். கிண்ணமோ சில மில்லிமீட்டர் பிசகினாலும் மூட்டு தேய்ந்துவிடக்கூடும். வெளியே கட்டும் கட்டு அவ்வளவு ஆழத்திலுள்ள துண்டுகளை எட்டாது.

பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் சூழ்ந்த அவ்விடத்தில் கத்தி வைக்க மருத்துவர்களே நெடுங்காலம் அஞ்சினர். அதற்கு முறையான வழி வகுத்தவர்களுள் முதன்மையானவர் எமில் லெதூர்னெல். நம்மைப் போலவே பிரெஞ்சு ஆட்சியைக் கண்ட, கனடாவுக்கு அருகிலுள்ள சேன் பியேர் தீவில் 1927இல் பிறந்தவர். பாரிஸில் ஜூதே சகோதரர்களுடன் அவர் 1964இல் வெளியிட்ட கட்டுரை, கிண்ணத்தை முன்னும் பின்னுமாக இரு தூண்கள் தாங்குவதாகக் கொண்டு முறிவுகளைப் பத்து வகையாகப் பிரித்தது. நோயாளியை 45 பாகை சாய்த்து எடுக்கும் எக்ஸ்ரே படங்களால் வகையை அறிந்து, எப்பக்கம் திறப்பது என்று முடிவு செய்து, துண்டுகளைப் பொருத்தித் தகடும் திருகும் இட்டனர். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய நம் மருத்துவப் பள்ளியின் வழிவந்த கல்லூரி, ஜிப்மர் என்னும் பெயர் பெற்றதும் அதே 1964இல்தான்.

இன்று சி.டி. படம் வந்து வேலை எளிதாயிற்று; காலக் கெடு மட்டும் மாறவில்லை. மூன்று வாரம் கடந்தால் புது எலும்பு வளர்ந்து, துண்டுகளைப் பழைய இடத்துக்குக் கொணர்வது மிகக் கடினம். விலகாத முறிவுக்கு ஓய்வே போதும். விலகியதா என்பதைப் படமே சொல்லும். அறுவை செய்துகொண்டோர் யாவரும் முழுக் குணமடைவர் என்பதற்கில்லை; சிலருக்குப் பின்னாளில் செயற்கை மூட்டு தேவைப்படுகிறது.

தென்னையிலிருந்து விழுந்தவரையோ, டிராக்டர் கவிழ்ந்து நசுங்கியவரையோ தூக்கி நிறுத்தலாகாது. ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்தலும் ஆகாது. உள்ளேயே இரத்தம் பெருகி உயிர் போகலாம். தொடை தொடங்கும் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி வேட்டியை இறுகக் கட்டி, படுத்தவாறே வைத்து, 108ஐ அழையுங்கள்.