சுராங்கனியும் ஒரு ஆப்பிரிக்கப் பாட்டுக்காரரும்

ஒசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கும் தம்பிக்கு ஒரு பாட்டுக்காரரைப் பற்றிச் சந்தேகம்: "அண்ணா, ஆளைப் பார்த்தா ஆப்பிரிக்கா, பாடுறது ஸ்பானிஷ். எப்படி?"

அவர் லாபா சோசே, தம்பி. காம்பியாவில் 1943இல் பரம்பரைப் பாட்டுக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். செனகலின் டக்கார் நகரில், மியாமி கிளப்பின் ஸ்டார் பேண்டில் பாடிப் பேர் வாங்கினார். பிறகு அபிஜான், நியூயார்க். பாடியது கியூபாவின் ஸ்பானிஷ் பாட்டு. டக்கார் கூட்டத்தில் அந்த மொழி தெரிந்தவர்கள் சொற்பம். ஆனால் தாளம் அவர்களுடையது. அடிமைக் கப்பலில் கியூபாவுக்குப் போனது, கிராமபோன் தட்டில் ஊர் திரும்பியது.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் 'சுராங்கனி' போட்டால் நீ ஆடுவாயே, அது சிங்களப் பாட்டு. மீன் கொண்டுவந்த சேதிதான் விஷயம். அர்த்தம் தெரிந்தா ஆடினாய்?

அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் இலங்கைத் தமிழர் ஏ.ஈ. மனோகரன், நம் ஊருக்கு சிலோன் மனோகர். 1970களில் இலங்கையில் தமிழ்ப் பொப் பாட்டு கொடிகட்டிப் பறந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' ஒரு பக்கம், 'சுராங்கனி' போன்ற மனோகரனின் பைலா ஆட்டப்பாட்டு மறுபக்கம். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவும் 'சுராங்கனி'யை எடுத்துக்கொண்டார். மனோகரனோ நம் சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தார். அந்தக் குரலை வைத்துக்கொண்டு கோடம்பாக்கம் அவருக்கு வில்லன் கோட்டு மாட்டியது வீண் என்பேன். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

பைலாவை மேசையில் தட்டிப் பார். ஒன்று-ரெண்டு-மூணு, ஒன்று-ரெண்டு-மூணு, ஒவ்வொரு ஒன்றிலும் அழுத்து. இடுப்பு தானே அசையும். போர்ச்சுகீசியர் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தில் இருந்த நடை இது. பின்னாளில் போலீஸ்காரர் வாலி பாஸ்டியன் அதைச் சிங்கள மேடைப் பாட்டாக்கினார். சோசேயின் பாட்டில் ரெண்டு கட்டைகள் மோதும் கிளாவே வேறு கணக்கு: மூணு தட்டு, ஒரு மூச்சு, ரெண்டு தட்டு. ஒரே கண்டத்திலிருந்து கிளம்பிய கப்பல்கள், திசைதான் வேறு.

இலங்கைக்கு வந்த அந்த ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் புத்தளம் பக்கம் சிரம்பியடியில் இருக்கிறார்கள். பேசுவது சிங்களம், 'மாஞ்சா' என்னும் தங்கள் பாட்டைப் பாடுவது போர்ச்சுகீசியக் கலப்பு மொழியில். பக்கவாத்தியம் கரண்டி, சிரட்டை, கண்ணாடிப் பாட்டில். யூடியூபில் தேடு, கிடைக்கும்.