திரை காருடையது, மூளை போனுடையது

2020 நவம்பரில் புதிய ஹூண்டாய் ஐ20 வந்தபோது, ஷோரூமுக்குப் போனவர்களுக்கு ஒரு விஷயம் புரியவில்லை. இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் தயாராகும் இந்தக் காரின் நடுத்தர வேரியன்ட்டில் 8 அங்குலத் திரை. போன் சட்டைப் பையில் இருந்தபடியே அதில் கூகுள் மேப் விரிந்தது. கூடுதல் பணம் கொடுத்து டாப் வேரியன்ட் எடுத்தவர்களுக்கு 10.25 அங்குலத் திரை கிடைத்தது. ஆனால், அதே மேப்பை அதில் பார்க்க யூ.எஸ்.பி. கேபிளைச் செருகியாக வேண்டும். பணம் கூடக் கூட வசதியும் கூடும் என்று நம்பி வந்தவர்களுக்கு விற்பனைப் பிரதிநிதிகளால் சரியான விளக்கம் சொல்ல முடியவில்லை.

இரண்டும் வெவ்வேறு யூனிட்டுகள். பெரிய திரைக்குள் நிறுவனத்தின் சொந்த வரைபடமும் ப்ளூலிங்க் என்ற இணைய வசதியும் இருந்தன. போன் இல்லாமலே வழிகாட்டக்கூடிய திரை அது. சின்னத் திரையில் அவை கிடையாது. அது போனை நம்பியே இருந்தது. அப்படியிருந்தும், தினமும் வண்டி எடுக்கும் பலருக்குச் சின்னத் திரைதான் பிடித்திருந்தது. ஏனென்றால் நம் வீட்டு முகவரி, நேற்று தேடிய கல்யாண மண்டபம், பாதி கேட்ட பாட்டு எல்லாமே போனில்தான் இருக்கின்றன.

போனைக் காரின் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே இரண்டும் காரில் ஓடும் ஆப்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை போனில்தான் ஓடுகின்றன. மேப்பை வரைவது, பாட்டை எடுப்பது, நாம் பேசியதைப் புரிந்துகொள்வது எல்லாமே போனின் வேலை. வரைந்து முடித்த படத்தை வீடியோவாகச் சுருக்கி, போன் காருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கார் அதை விரித்துக் காட்டுகிறது. நாம் திரையைத் தொட்டால், எந்த இடத்தில் விரல் பட்டது என்ற தகவலைக் கார் போனுக்கு அனுப்புகிறது. போன் புதிய படத்தை வரைந்து திருப்பி அனுப்புகிறது. பேச்சும் அப்படித்தான்: மைக் காருடையது, கேட்பது போன். பல கார்களில் ஜி.பி.எஸ். தகவலையும் காரே போனுக்குக் கொடுத்து உதவுகிறது. பைக்குள் கிடக்கும் போனைவிடக் காரின் ஆன்டெனாவுக்கு வானம் நன்றாகத் தெரியும் அல்லவா?

இவ்வளவு போக்குவரத்தையும் கேபிள் சுலபமாகத் தாங்கியது. வயரை எடுத்துவிட்டால் அந்தச் சுமையைத் தூக்குவது யார்? ப்ளூடூத் என்றுதான் பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். போனின் அமைப்புகளில் நாம் தேடுவதும் அதைத்தான். ஆனால், 1994-ல் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ப்ளூடூத்துக்கான வேலை தொடங்கியபோது நோக்கம் சிறியது: போனுக்கும் ஹெட்செட்டுக்கும் இடையிலுள்ள வயரை நீக்குவது. காரில் நாம் பயன்படுத்தும் வழக்கமான ப்ளூடூத் 79 அலைவரிசைகளுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவிப் பேசும். நெரிசலிலும் அறுந்துபோகாமல் இருக்க அது நல்ல உத்தி. வேகமோ அதிகபட்சமாக நொடிக்கு 3 மெகாபிட். பாட்டுக்கும் பேச்சுக்கும் அது போதும். இடைவிடாமல் ஓடும் வீடியோவுக்குப் போதாது.

அதனால் வேலை இரண்டாகப் பிரிகிறது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் காரும் போனும் முதலில் ப்ளூடூத்தில் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. அடுத்து கார் தன் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் போனிடம் ரகசியமாகச் சொல்கிறது. ஆம், காருக்குள்ளேயே ஒரு வைஃபை இருக்கிறது! போன் அதில் இணைந்த பிறகுதான் திரையில் படம் வருகிறது. அறிமுகம் ப்ளூடூத்தில், மற்றதெல்லாம் வைஃபையில். ஆண்ட்ராய்டு ஆட்டோவில் தொலைபேசி அழைப்பு மட்டும் ப்ளூடூத்திலேயே தங்கிவிடுகிறது.

இந்தப் பிரிவினையைத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லைகளுக்குக் காரணம் தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு ஆட்டோவில் மேப் நன்றாக ஓடுகிறது, ஆனால் அழைப்பு மட்டும் கார் ஸ்பீக்கரில் வரவில்லையா? ப்ளூடூத் பக்கம் பாருங்கள். பேச்சு வருகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வைஃபை பக்கம். ‘இணையம் இல்லாத ஒரு வைஃபையில் போன் ஒட்டிக்கொண்டிருக்கிறது’ என்று நினைத்து அந்தப் பெயரைச் சிலர் அழித்துவிடுகிறார்கள். அது காரின் வைஃபைதான். அதில் இணையம் இருக்க வேண்டிய அவசியமில்லை. இணையத்தைப் போன் தன் சிம்மிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. போனில் வி.பி.என். ஓடினாலும், பேட்டரி சேவர் இறுக்கிப் பிடித்தாலும் இணைப்பு தடுமாறுவது உண்டு. எதற்குமே வழிக்கு வராவிட்டால் காரிலிருந்து போனையும், போனிலிருந்து காரையும் நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் பழைய நினைவு மறுபக்கம் தங்கிவிடும்.

இந்த வைஃபை பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. 2.4-ல் ப்ளூடூத்தே குடியிருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையும் அங்கேதான் மோதுகிறது. போன் வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உண்டா என்று கேட்க வேண்டியது இதனால்தான். விலை குறைந்த சில போன்களில் அது இருப்பதில்லை. அதற்கும் 5ஜி சிம்முக்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதியை உரிமம் பெறாமல் பயன்படுத்த மத்திய அரசு 2018 அக்டோபரில் திறந்துவிட்டது. அதற்கு முன் கட்டுப்பாடுகள் அதிகம்.

வயர் விடைபெற்றதும் மெதுவாகத்தான். கார்ப்ளே 2014-லும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-லும் கேபிளோடுதான் வந்தன. வயர் இல்லாத கார்ப்ளேயை முதலில் கொண்டுவந்தது 2017-ன் பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ். அதே நிறுவனம் அமெரிக்காவில் கார்ப்ளேவுக்கு ஆண்டுக்கு 80 டாலர் சந்தா வாங்கத் தொடங்கியது. வாடிக்கையாளர்களின் கோபத்துக்குப் பின் 2019 இறுதியில் கைவிட்டது. ஆண்ட்ராய்டில் 2018-ல் கூகுளின் சொந்தப் போன்களுக்கு மட்டும் கிடைத்த இந்த வசதி, 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகே பரவலானது.

கேபிள் மட்டுமே உள்ள காரை வாங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது. தீப்பெட்டி அளவுள்ள டாங்கிளை யூ.எஸ்.பி. துளையில் செருகினால், அது காரிடம் ‘நான்தான் போன்’ என்கிறது; போனிடம் ‘நான்தான் கார்’ என்கிறது. நடுவில் நின்று இருவரையும் ஏமாற்றும் இந்தச் சின்னப் பொருள் அருமையான கண்டுபிடிப்பு. ஆனால், இது ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ ஏற்கெனவே கேபிளில் ஓடும் காருக்கு மட்டுமே உதவும். வெறும் ப்ளூடூத் ஸ்டீரியோ உள்ள பழைய காரில் செருகினால் ஒன்றும் நடக்காது. வாங்குவதற்கு முன் உங்கள் கார் மாடலையும் போன் மாடலையும் சொல்லிக் கேளுங்கள். டாங்கிளின் மென்பொருளைப் புதுப்பிக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். போனில் ஒரு அப்டேட் வந்ததும் வேலையை நிறுத்திவிடும் மலிவு டாங்கிள்கள் சந்தையில் உண்டு.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேப், மொபைல் இணையம், வைஃபை, வீடியோ சுருக்கம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யும் போன் சூடாகத்தான் செய்யும். அதை வயர்லெஸ் சார்ஜர் தட்டில் வைத்தால், சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரமும் சூடாகவே போனில் இறங்கும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ நிழலிலேயே அந்த எல்லை தாண்டிவிடும். அப்போது போன் தன்னைக் காத்துக்கொள்ள சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், வேகத்தைக் குறைக்கும். மேப் திக்கும். கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் குறுகிய ஓட்டத்துக்கு வயர் இல்லாத இணைப்பு மிகச் சிறந்தது என்பேன். சென்னையிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டால் கேபிளே மேல். சூடு குறையும், சார்ஜ் ஏறும், திரையும் விரலுக்கு உடனே பதில் சொல்லும்.

வயரை விட நான் அதிகம் கவலைப்படுவது கண்ணைப் பற்றி. பிரிட்டனின் டி.ஆர்.எல். ஆய்வு நிறுவனம் ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக, ஓட்டுநர்களை சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதித்தது. 2020-ல் வெளியான முடிவுகள் இவை: கார்ப்ளேயைத் தொட்டு இயக்கியவர்கள் ஆபத்துக்கு எதிர்வினை செய்ய 57% கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தொட்டவர்களுக்கு 53%. குரலால் இயக்கியபோதும் முறையே 36%, 30%. அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை மது குடித்தவர்களிடம் காணப்பட்ட தாமதமோ 12% மட்டுமே.

நம் சாலையில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. வழக்கமாக ஒரு நொடியில் பிரேக்கை மிதிப்பவர் 57% தாமதித்தால், பிரேக் படுவதற்குள் வண்டி இன்னும் 12 மீட்டருக்கு மேல் போய்விடும். சர்வீஸ் சாலையிலிருந்து திடீரென ஏறும் டூவீலருக்கு அந்த 12 மீட்டர்தான் உயிர். கையில் போன் பிடித்தால் அபராதம் என்கிறது சட்டம். டேஷ்போர்டில் பதித்த திரையைத் தொடுபவரை அது கண்டுகொள்வதில்லை. சாலையிலிருந்து கண் விலகுவது இரண்டிலும் ஒன்றுதான். போகும் இடத்தை கியர் போடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வழியில் மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். தனியாகப் போகிறீர்களா? ஓரம்கட்டுங்கள். இணைப்பு விட்டுப்போனால் ஓட்டிக்கொண்டே அதை மீட்கப் போராடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

இந்தத் திரை யாருக்குச் சொந்தம் என்ற போட்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. டெஸ்லா கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டையும் பல ஆண்டுகளாகத் தன் கார்களுக்குள் விடவில்லை. இனி வரும் மின்சாரக் கார்களில் இரண்டையும் தவிர்க்கப் போவதாக 2023-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. ஓட்டுநர் எங்கே போகிறார், என்ன கேட்கிறார் என்ற தகவலும், சந்தா வருமானமும் தங்களிடமே தங்க வேண்டும் என்பது கார் நிறுவனங்களின் கணக்கு. வாங்குபவருக்கு இதில் ஒரே ஒரு ஆயுதம் உண்டு: டெஸ்ட் டிரைவ். ஷோரூம் போனை நம்பாமல் உங்கள் போனையே இணைத்து, வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து, தானாக இணைகிறதா என்று பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு போன்களையும் கொண்டுபோங்கள். மனைவி வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருக்கும்போது கணவர் காரை ஸ்டார்ட் செய்ய, அழைப்பு கார் ஸ்பீக்கருக்குத் தாவும் சங்கடம் பல வீடுகளில் நடக்கிறது. எந்தப் போனுக்கு முன்னுரிமை என்று அமைக்கும் வசதி அந்தக் காரில் இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடலாம்.

வண்டியை விற்கும்போதும், செல்ஃப் டிரைவ் வாடகைக் காரைத் திருப்பித் தரும்போதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மேப்பும் பாட்டும் போனில் ஓடுவதால் அவை உங்களோடு வந்துவிடும். ஆனால், ப்ளூடூத்தில் இணைத்தபோது ‘தொடர்புகளைப் பகிரவா’ என்று கேட்டதற்கு ஆம் என்றிருந்தால், பெயர்களும் எண்களும் அழைப்புப் பட்டியலும் காரின் நினைவகத்தில் நகலாகியிருக்கும். வாடகைக் கார்கள் பற்றி இதே எச்சரிக்கையை அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2016-லேயே விடுத்தது. சொந்தக் காரை விற்கிறீர்களென்றால் சாவியைக் கொடுப்பதற்கு முன் அமைப்புகளுக்குள் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். வாடகைக் காரில் உங்கள் போனை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும்.