பிரிந்த கதைகள் கூடும் இடம்

பனிப்புயல் சூழ்ந்த ஒரு மலை விடுதி, அங்கே பனிச்சறுக்கு விளையாட வந்து தங்கிய சிலர், அவர்களுக்கு நடுவில் துண்டு துண்டாகக் கிடக்கும் ஒரு சடலம் என்று ஒரு கதை தொடங்கினால், துப்பறியும் நாவல்களில் ஊறிய வாசகர்களுக்கு அதில் புதுமை ஒன்றும் தோன்றாது. ஆனால் 1994-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சூப்பர் ஃபாமிகாம் என்னும் விளையாட்டு யந்திரத்துக்காக ஜப்பானில் சுன்சாஃப்ட் நிறுவனத்தார் வெளியிட்ட ‘காமாஇதாச்சி நோ யோரு’ என்ற கதையில், தோரு என்ற வாலிபன் அடுத்தபடி என்ன சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை வாசகரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. தீர்மானம் பிசகினால் விடுதியில் ஒருவர் பின் ஒருவராக மடிந்தார்கள், பல சமயங்களில் தோருவும் மடிந்தான். இதை எழுதிய அபிகோ தாகெமாரு, 1989-இல் முதல் நாவலை வெளியிட்டவர். துப்பறியும் கதாசிரியர் என்று அதற்குள் பெயர் பெற்றிருந்தவர். உண்மை ஒன்றே, அதற்குச் செல்லும் பாதையும் ஒன்றே என்ற நியமத்தில் பழகிய ஒரு கை, பாதைகள் பலவாகப் பிரியும் கதையை எழுதப் புகும்போது எதிர்ப்படும் சங்கடம் எத்தகையது என்பதே இங்கே நமது விசாரணை.

இந்தக் கதையினத்துக்கு இன்று ‘விஷுவல் நாவல்’ என்று பெயர். பின்னணியில் ஒரு சித்திரம், சூழ்நிலைக்கு இசைந்த சங்கீதம், அவற்றின்மேல் வரிவரியாகத் தோன்றும் உரைநடை, இடையிடையே ‘இதுவா, அதுவா?’ என்று கேட்கும் ஒரு சிறு பட்டியல், அங்கங்கள் இவ்வளவுதான். 1983-இல் ஹோரி யூஜி இயற்றிய ‘போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு’ இதற்கு ஒரு மூதாதை. 1992-இல், தொலைக்காட்சி நாடகாசிரியர் நாகாசாகா ஷூகெய் எழுதிய ‘ஓத்தோகிரிசோ’வுக்குச் சுன்சாஃப்ட் ‘சவுண்ட் நாவல்’ என்று பெயர் சூட்டியது. 1996-இல் லீஃப் என்ற வேறொரு நிறுவனம் தன் கதைவரிசைக்கு இட்ட ‘விஷுவல் நாவல்’ என்ற பெயரே பிற்பாடு இனப்பெயராக நிலைத்தது. வம்சாவளி இது போதும்.

சங்கடத்தின் வேர் கணிதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழிகள், மொத்தம் பத்துத் திருப்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரிந்த வழிகள் மீண்டும் சேராமல் மரத்தின் கிளைகளைப்போல விரிந்துகொண்டே போனால் இறுதியில் 1,024 முடிவுகள் நிற்கும். அடிமரம் முதல் நுனிக்கிளை வரை எண்ணினால் 2,047 பகுதிகள் எழுதியாக வேண்டும். பகுதிக்கு 200 சொற்கள் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும் நாலு லட்சம் சொற்களுக்கு மேலாகும். அவற்றில் ஒருமுறை ஆடிமுடிப்பவர் வாசிப்பதோ பதினொரு பகுதிகள், அதாவது 2,200 சொற்கள். பாகம் பாகமாக நீளும் ஒரு தொடர்கதையை எழுதி முடித்துவிட்டு, வாசகர் கையில் ஒரு சிறுகதையை மட்டும் கொடுத்து அனுப்புவதற்கு ஒப்பான வியர்த்தம் இது. ஆகவே, கைதேர்ந்த எழுத்தாளர் மரத்தை மறந்துவிட்டு ஆற்றைப் பார்க்கிறார். நடுவில் ஒரு திட்டு குறுக்கிட்டால் இரண்டாகப் பிரிகிற நீர், திட்டைத் தாண்டியதும் ஒன்றாகிவிடுகிறதல்லவா? அவ்வாறே, திருப்பம் ஒன்றுக்குப் பிரியும் பகுதிகள் இரண்டு, கூடும் பகுதி ஒன்று என்று வகுத்துக்கொண்டால் தொடக்கப் பகுதியையும் சேர்த்துப் பத்துத் திருப்பங்களுக்கு 31 பகுதிகள் போதும். அவற்றில் 21-ஐ வாசகர் ஒரே ஆட்டத்தில் படித்துவிடுவார்.

கூடியதோடு தொல்லை தீர்ந்ததா என்றால், அங்கேதான் அது ஆரம்பமாகிறது. தோழி மாரியிடம் தோரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கலாம், சொல்லாமலும் வந்திருக்கலாம். கதை அதை மறந்துவிட்டால் வாசகர் மன்னிக்க மாட்டார். இதற்காகத்தான் யந்திரத்தின் ஞாபகத்தில் ‘கொடி’ என்று சொல்லப்படும் குறிகள் நாட்டப்படுகின்றன. பொய் சொன்னானா? ஆம் அல்லது இல்லை. பத்துத் திருப்பங்களுக்குப் பத்துக் கொடிகள். பத்தே பிட்டுகளில் அடங்கிவிடும் அற்பமான சுமை. ஆயினும், பத்துக் கேள்விகளுக்கும் வரக்கூடிய விடைகளின் சேர்க்கை மறுபடியும் 1,024 தான். வாசல் வழியாக நாம் விரட்டிய எண், கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி வாக்கியம் எழுதுவது ஆகாத காரியம் என்பதால், எல்லாச் சேர்க்கைக்கும் பொருந்துகிற ஒரே வாக்கியத்தைத் தேட வேண்டியிருக்கிறது. ‘இருவரும் பேசாமல் மாடிப்படி ஏறினார்கள்’ என்று எழுதிப் பாருங்கள். சற்றுமுன் சண்டையிட்ட வாசகருக்கு அந்த மௌனம் கோபம். சடலத்தைக் கண்டு வந்த வாசகருக்கு அது பயம். இரண்டும் நேராதவருக்கு வெறும் களைப்பு. வாக்கியம் மாறவில்லை, பின்னே நிற்கும் இறந்தகாலம் மாறிவிட்டது. முடிவுகளின் எண்ணிக்கையைச் சொல்லி இத்தகைய ஆட்டங்களை விளம்பரம் செய்வது வழக்கம். எனக்கு, ஆசிரியரின் சாமர்த்தியத்தை அளக்க இந்தச் சந்திகளைத் தவிர வேறு அளவுகோல் தென்படவில்லை.

இவ்விஷயத்தில் ஜப்பானிய மொழி ஆசிரியருக்கு அநுகூலமானது. அதன் வினைச்சொல்லில் ஆணும் பெண்ணும், ஒருமையும் பன்மையும் தெரிவதில்லை. எழுவாயை விட்டுவிட்டாலும் குறை சொல்வாரில்லை. தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ என்று வினையே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். வாசகரே தம் பெயரை எழுதிக் கதாநாயகராகும் முறையை வைத்தாலோ, சங்கடம் இரட்டிப்பாகும். ஜப்பானியத்தில் பெயர் எதுவானாலும் உருமாறாமல் வேற்றுமைச் சொல்லை ஏற்கும். நமக்கோ கண்ணன் ‘கண்ணனை’ ஆகிறான், மீனா ‘மீனாவை’ ஆகிறாள், செல்வம் ‘செல்வத்தை’ என்று வடிவமே திரிந்து நிற்கிறார். 2004-இல் டாம் ராத்தமெல் வெளியிட்ட ரென்பை போன்ற இலவசக் கருவிகளைக் கொண்டு இன்று யாரும் வீட்டிலிருந்தே இத்தகைய கதையை அமைக்கலாம். தமிழில் அமைக்க முற்படுவோர், புணர்ச்சி விதிகளை யந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டும், அல்லது அந்தப் பெயர் எழுவாயாகவும் விளியாகவும் மட்டுமே வரும்படி கதை முழுவதையும் வளைக்க வேண்டும்.

கொடிகளை அழித்துவிட்டு ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கலாம்; வாசகரின் ஞாபகத்தை அழிக்க மட்டும் வழியில்லை. மூன்று தடவை செத்துப் பிழைத்த வாசகர், நாலாவது தடவை விடுதிக்குள் நுழையும்போது, தோருவுக்குத் தெரியாத பலவற்றைத் தெரிந்துகொண்டு நுழைகிறார். இதைக் குறையாகக் கருதி மூடி மறைக்காமல், கதையின் எரிபொருளாகவே அபிகோ ஆக்கிக்கொண்டார். தவறான பாதைகளில் நேரும் மரணங்களிலிருந்து திரட்டிய துப்புகளே பெரும்பாலோரைச் சரியான பாதையில் சேர்க்கின்றன. பின்னாளில், 2009-இல் உச்சிகோஷி கோதாரோ எழுதிய ‘ஒன்பது மணி நேரம், ஒன்பது மனிதர், ஒன்பது கதவுகள்’ என்ற கதை, ஒரு பாதையில் அறிந்ததைக் கொண்டு மற்றொரு பாதையைத் திறக்கும்படி வாசகரை நிர்ப்பந்தித்து, அந்த நிர்ப்பந்தத்துக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணமும் கற்பித்தது. அந்தக் காரணத்தைச் சொன்னால் படிக்கப்போகிறவர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

இன்னொரு நுட்பம் பாக்கியிருக்கிறது. ‘இதுவா, அதுவா?’ என்று கேட்கும்போதே ஆசிரியர் தம்மை அறியாமல் ஒரு ரகசியத்தைக் கசியவிடுகிறார். பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தால், கொலையாளி அம்மூவரில் ஒருவர் என்று அரைகுறைத் தூக்கத்தில் இருப்பவர்கூட ஊகித்துவிடுவார். முகங்களும் அப்படித்தான். சந்தேகத்துக்குரியவரின் முகத்தை வரைந்தால், ஓவியனின் கை ஏதேனும் ஒரு சாயலைச் சேர்த்துவிடும். ‘காமாஇதாச்சி’யில் மனிதர்கள் எல்லோரும் நீல நிற நிழலுருவங்களாகவே திரையில் நின்றார்கள், ‘கொலையாளி யார்?’ என்ற கட்டம் வந்தபோது பெயர்ப்பட்டியல் எதுவும் வரவில்லை. காலியாக ஓர் இடம் இருந்தது. சந்தேகிக்கும் பெயரை எழுத்து எழுத்தாகத் தேர்ந்து வாசகரே அதில் எழுத வேண்டியிருந்தது.