பாளையங்கோட்டைச் சபையின் லுத்தரன் தொடக்கம்

சுரண்டைப் பகுதியில் நாம் குருவாகப் பணியாற்றிய நாட்களில், சபைக்கூட்டமொன்றில் முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயர் அவர்களே, நம் திருச்சபை ஆதிமுதல் ஆங்கிலிக்கன் சபைதானே?" என்று வினவினார். சுரண்டையைப் பொறுத்தமட்டில் அவர் கூற்று சரியே. அவ்வட்டாரச் சபைகளைப் பேணி வளர்த்தது சி.எம்.எஸ். மிஷன். ஆனால் திருநெல்வேலித் திருச்சபைக்குத் தாய்ச்சபையாகிய பாளையங்கோட்டைச் சபையோ லுத்தரன் குரு ஒருவரால் சேர்க்கப்பட்டது. இறையியல் மாணவருள்ளும் இதனை அறியாதோர் பலர்.

1778-ஆம் ஆண்டு தஞ்சையிலிருந்து அங்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், மராட்டியப் பிராமணக் கைம்பெண் ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, கிளாரிந்தா எனப் பெயரிட்டார். அவ்வம்மையார் முன்னரே தஞ்சையில் ஞானஸ்நானம் கேட்டதுண்டு. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் திருமணமின்றி வாழ்ந்தமையால் ஐயர் மறுத்துவிட்டார். அவ்வதிகாரி இறந்தபின்னரே இசைந்தார். அம்மையாருக்குக் கிறிஸ்துவை அறிவித்தவரும் அதே அதிகாரிதான் என்பதை நாம் மறத்தலாகாது. நற்செய்தியைக் கொணர்ந்தவரே தடையாகவும் நின்றார். இத்தகைய வழக்குகளை இன்றும் ஆயர்கள் எதிர்கொள்கின்றனர். எளிதில் விடை கூறுவோர் அவற்றின் பாரத்தை உணராதவரே.

1780-இல் சுவார்ட்ஸ் எழுதுவித்த சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருந்தன. முதற்பெயர் கிளாரிந்தாவினுடையது. பல சாதியினர் அதில் இடம்பெற்றனர். உடனுறையும் குரு எவரும் அப்போது இல்லை. ஆயினும் சபை கூடியது. அம்மையாரின் முயற்சியால் கோட்டைக்குள் ஆலயமும் எழுந்தது. 1785-இல் சுவார்ட்ஸ் அதனைப் பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதனைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே அழைத்தனர். கட்டியவர் யார் என்பதில் ஊராருக்கு ஐயமில்லை.

உபதேசியாராக அங்கு அனுப்பப்பட்ட சத்தியநாதன், 1790-இல் தஞ்சையில் லுத்தரன் முறைப்படி குருவாக அபிஷேகம் பெற்றார். அவருக்கு முன்னரே, 1733-இல், தரங்கம்பாடியில் ஆரோன் அவ்வாறு அபிஷேகம் பெற்றிருந்தார். இந்தியாவில் அன்று ஆங்கிலிக்கன் பேராயர் எவருமிலர். முதலாமவர் 1814-இல்தான் வந்தார். பொருளுதவி செய்த லண்டன் எஸ்.பி.சி.கே. சங்கம் ஆங்கிலிக்கருடையதாயினும், இவ்வபிஷேகத்தை மறுக்கவில்லை. சத்தியநாதனின் பிரசங்கத்தை மொழிபெயர்த்து 1792-இல் அச்சிட்டும் வெளியிட்டது. பின்னர் 1791-இல் ஜெனிக்கே ஐயர் வந்தார். 1799-இல் முதலூர் உருவாயிற்று. கிளாரிந்தா 1806-இல் காலமானார்.

அமைதியாக ஏற்கப்பட்ட இதே காரியம் பின்னர் பெரும்பிளவுக்குக் காரணமாயிற்று. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரும் லுத்தரன் அபிஷேகம் பெற்றவரே. தம் உபதேசியார்களுக்குப் பேராயரே அபிஷேகம் அளிக்கவேண்டும் என்ற சி.எம்.எஸ். சங்கத்தின் விதியை அவர் மனச்சாட்சி ஏற்கவில்லை. ஆங்கிலிக்க முறைமைகளைக் கண்டித்து எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835-இல் அவர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். உபதேசியார் பலர் அவரைப் பின்பற்ற, சபைகள் இரண்டுபட்டன. 1838-இல் அவர் மறைந்தார். சத்தியநாதனுக்குப் பொருந்தியது ரேனியஸின் உபதேசியார்களுக்கு ஏன் பொருந்தவில்லை? இறையியல் மாறவில்லை, இடையில் பேராயர் வந்துவிட்டார், அவ்வளவே என்பது நம் கருத்து.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது, பேராயரால் அபிஷேகம் பெறாத குருமாரும் அவ்வாறே ஏற்கப்பட்டனர். திருநெல்வேலி அதில் இணைந்தது. தரங்கம்பாடியின் லுத்தரன் திருச்சபை இணையவில்லை. முதியவரிடம் இவற்றை விவரித்தபோது, "அப்படியானால் ஆரோனும் சத்தியநாதனும் உடன்பிறந்தவர்களே, நாம் ஏன் தனித்தனியே இருக்கிறோம்?" என்றார்.